ஆய்விதழுக்கு அனுப்பிய சாபம்

கட்டுரையை அனுப்பிவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்ட களி ஆறி இறுகிவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாடி, பரீட்ச எழுதிட்டு வந்த புள்ளையாட்டம் உக்காந்திருக்கற?" என்றார். நான் படித்தது பத்தாவது. பரீட்சைப் பயம் விட்டுப்போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று நினைத்திருந்தேன். அது எங்கேயும் போகவில்லை. அடிவயிற்றிலேயே சுருண்டு படுத்திருந்திருக்கிறது.

இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர். நூறு நாள் வேலையில் நான் பணித்தளப் பொறுப்பாளர். பேர்தான் பெரியது. ஏரிக்கரையில் வேலைக்கு வந்தவர்களைக் காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை நிற்க வைத்துக் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையென்றால் கரைமேல் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் காதுக்குத்தான் வேலை. நாற்பது பெண்கள் மண் சுமக்கிற இடத்தில் பேச்சுக்கு என்ன குறை? "வெயிலு இன்னிக்கு என் மண்டையில குடும்பம் நடத்துது" என்பாள் ஒருத்தி. புருஷனைப் பற்றிக் கேட்டால், "அந்தாளா? முறுக்கிப் புழிஞ்சாத்தான் ரெண்டு சொட்டு பேச்சு வரும்" என்பாள் இன்னொருத்தி. கேட்டதைக் கேட்டபடி நோட்டில் எழுதிவிடுவேன். நோட்டுகள் சேர்ந்து பீரோவின் கீழ்த்தட்டு நிறைந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் திட்டு. யார், யாரை, எதற்காக, எந்த வார்த்தையில் வைதார்கள் என்று.

மாதம் ஒரு முறை தர்மபுரி போகிறபோது நூலகத்தில் நுழைந்துவிட்டு வருவேன். அங்கேதான் அந்த ஆய்விதழ் கையில் சிக்கியது. வேறொரு மாவட்டத்தில் இருக்கிற ஒரு கல்லூரியின் ஆட்கள் நடத்துவது. உள்ளே கிராமத்துப் பெண்களின் சாபத்தைப் பற்றி ஒரு கட்டுரை. பெண்கள் கையாலாகாத கோபத்தில் சபிக்கிறார்கள், கோபம் தணிந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மறந்துவிடுகிறார்களா? யாரைக் கேட்டு எழுதினார்கள்?

எங்கள் பக்கம் வைவது வேறு, மண்ணை வாரி விடுவது வேறு. கோழி காணாமல் போனால் தெருவில் நின்று வைவார்கள்; சாயங்காலம் கோழி வந்துவிட்டால் சிரித்துக்கொண்டே கூடையைப் போட்டு மூடுவார்கள். மண்ணை வாரி விடுவது அப்படியில்லை. ஒருவர் வாசலுக்கே போய், அந்த வாசல் மண்ணைக் கைநிறைய அள்ளி, கதவைப் பார்த்து வீசிச் சொல்வது. அந்தச் சாபத்தைத் திரும்ப எடுக்க, அதைச் சொன்னவளால்தான் முடியும். அதே வாசலைத் தன் கையால் பெருக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அங்கே ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்து, வாயைத் திறக்காமல் ஏரி வரைக்கும் நடந்து, தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். கரைத்த பிறகு அந்த வார்த்தையைச் சொன்னவளும் சொல்லக் கூடாது, வாங்கியவரும் சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டு நின்ற தெருவும் சொல்லக் கூடாது. சொன்னால் அது மறுபடி எழுந்து நடக்கும். இதை நான் நம்புகிறேனா என்று பகலில், நாலு பேர் நடுவில் கேட்டால் இல்லை என்பேன்.

ஆய்விதழின் கடைசிப் பக்கத்தில், கட்டுரை அனுப்ப விரும்புகிறவர்களுக்கு விதிமுறை போட்டிருந்தார்கள். நூலகத்திலேயே உட்கார்ந்து அதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். முன்னால் ஆய்வுச் சுருக்கம் வேண்டும். திறவுச் சொற்கள் ஐந்து வேண்டும். அடிக்குறிப்பு வேண்டும். கடைசியில் தகவலாளர் பட்டியல் வேண்டும். அதாவது, இந்தச் செய்தியை உனக்கு யார் சொன்னது, அவருக்கு என்ன வயது, எந்த ஊர், என்ன தொழில் என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று அப்போது சிரித்தேன். அந்த விசாரிப்பே என் கழுத்துக்கு வரும் என்று தெரியவில்லை.

நாலு மாதம் எழுதினேன். திறவுச் சொல் என்றால் என்னவென்று புரியவே ஒரு வாரம் ஆனது. எழுதி முடித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒருவர் தமிழில் தட்டச்சுச் செய்து தருவார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவர், முதல் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"பேரு போட்டாச்சுங்க. அதுக்குக் கீழ பதவி, நிறுவனம்னு கேக்கறாங்களே. என்னா போடறது?"

"நூறு நாள் வேலை, பணித்தளப் பொறுப்பாளர்னு போடுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஏங்க, மத்தவங்கெல்லாம் முனைவர், இணைப் பேராசிரியர்னு போட்டிருப்பாங்க. நீங்க மம்பட்டியோட உள்ள போறீங்களா? தனி ஆய்வாளர்னு போடட்டுமா? கௌரவமா இருக்கும்."

"இல்லாதத போட்டா அதுக்கும் அடிக்குறிப்பு கேப்பாங்க. உள்ளதப் போடுங்க."

மின்னஞ்சலில் அனுப்பும்போது அவரே கேட்டார்: "அமுக்கட்டுங்களா?" நான் தலையாட்டினேன். அமுக்கினார். அவ்வளவுதான். நாலு மாதம் எழுதியது கண் சிமிட்டுகிற நேரத்தில் போய்விட்டது. "திரும்ப எடுக்கணும்னா முடியுங்களா?" என்று கேட்டேன். "போனது போனதுதாங்க" என்றார். அன்றைக்குத்தான் களி ஆறியது.

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. என் பேரை மறைத்து, கட்டுரையை இரண்டு அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியக் கூடாது, நான் யாரென்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. அது அவர்கள் முறை. ஒருவர், நன்றாக இருக்கிறது, பிழை திருத்துக என்று எழுதியிருந்தார். இன்னொருவர் எழுதியதை நான் பத்து முறை படித்திருப்பேன். சாபத்தைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இதுவரை யாரும் பதிவு செய்யாதது. ஆனால் பொதுவாகச் சொன்னால் போதாது. நடந்த நிகழ்ச்சி ஒன்றை முழுதாகத் தர வேண்டும், சொன்ன சொற்கள் சொன்னபடியே வேண்டும், இல்லையேல் ஏற்பதற்கில்லை. இரண்டு வாரத்துக்குள் திருத்தி அனுப்பச் சொல்லி ஆசிரியர் கேட்டிருந்தார்.

நடந்த நிகழ்ச்சி என்னிடம் ஒன்றுதான் முழுதாக இருந்தது. கண்ணால் பார்த்தது.

நான் கல்யாணமாகி ஊருக்கு வந்த புதிது. எங்கள் தெருவில் ஓர் அக்கா. உறவு முறையில் அக்கா இல்லை. வந்த அன்றே எனக்கு வாசல் காட்டி, தண்ணீர்க் குழாய் காட்டி, யார் வாயில் விழக் கூடாது என்று ஆள் காட்டியதால் அக்கா. அவளுக்குப் புருஷன் இல்லை. கையில் ஒரு மகன். அப்பா விட்டுப்போன கிணற்றில் அவளுக்கும் தம்பிக்கும் முறைத் தண்ணீர். மூன்று நாள் இவளுக்கு, மூன்று நாள் அவருக்கு. தக்காளி காய் பிடிக்கிற நேரத்தில் தம்பி, அக்காவின் முறையன்று குழாயை அறுத்துவிட்டார். செடி நின்ற நிலையில் வாடியது. அக்கா நேராகத் தம்பி வாசலுக்குப் போய் மண்ணை வாரி விட்டாள். தம்பி மனைவி அப்போது ஆறு மாதம். அக்கா சொன்ன வார்த்தை அந்த வயிற்றைத் தொட்டது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. புதுப்பெண்ணான நான் மட்டும் பொத்தாமல் நின்றேன். அது எனக்கு அன்றுமுதல் மறக்கவே இல்லை.

பிறந்த பெண்குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் வலிப்பு வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியதே அக்காதான். குழந்தை பிழைத்தது. திரும்பி வந்த மறுநாள் விடிகாலை அவள் தம்பி வாசலைப் பெருக்கி, மண்ணை முடிந்து, ஏரிக்கு நடந்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதைத்தான் எழுதினேன். பேர் போடவில்லை. ஆனால் ஊர் போட்டேன், கிணறு போட்டேன், அக்கா தம்பி என்று போட்டேன், தக்காளிகூடப் போட்டேன். வார்த்தையைச் சொன்னபடியே போட்டேன். தகவலாளர் பட்டியலில் யாரைப் போடுவது? கேட்டவள் நான்தானே என்று என் பேரையே எழுதினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. ஜெராக்ஸ் கடைக்காரர் அந்த வரி வந்ததும் கையை எடுத்துவிட்டார். "இத நான் அடிக்கணுங்களா?" என்றார். "அடிங்க, ஆராய்ச்சிதானே" என்றேன். அமுக்கினார். கட்டுரை ஏற்கப்பட்டது என்று ஐந்தாம் நாள் பதில் வந்தது. என் பேர் அச்சில் வரப்போகிறது! வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரம் ஏரியில் மத்தியானப் படம் எடுத்து முடித்து எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிடத் தூக்குப் போசியைத் திறந்தோம். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் பூரா சிரிப்பு.

"யேய், பையனுக்கு முடிஞ்சுட்டது."

"எந்த ஊருலக்கா?"

"எந்த ஊரா? எந் தம்பி வூடுதான். அவம் பொண்ணுதான். அந்தப் புள்ளையேதான். உரிமப் பொண்ண வெளிய வுடுவனா?"

சுற்றியிருந்தவர்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். "இனிமே கெணத்துல முறையே கெடையாது, எல்லாம் ஒரே தண்ணி" என்று ஒருத்தி கத்தினாள். "மருமவளுக்கு முறை போட்டு சோறு போடாத தாயீ" என்றாள் இன்னொருத்தி. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வாயில் வைத்த சோறு வாயிலேயே நின்றது.

அந்தப் பெண். அந்த வார்த்தை எந்த வயிற்றைத் தொட்டதோ அந்த வயிற்றில் இருந்த பெண். நாளைக்கு அக்கா வீட்டு மருமகள்; நாளைக்கு அவளுக்கும் வயிறு நிறையும். அந்த வார்த்தையை நான் எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். ஒரு முறை சொன்னாலே நடக்கும் என்பார்களே, அச்சில் எத்தனை முறை? படிக்கிறவன் ஒவ்வொருவனும் மனதுக்குள் சொல்லித்தானே படிப்பான்? நம்பிக்கை இல்லை என்று பகலில் சொல்கிறவள், நட்டநடுப் பகலில், வேப்பமரத்தடியில் நடுங்கினேன்.

சாபம் ஒரு பக்கம். அதைத் தள்ளிவிட்டாலும் இன்னொரு பயம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. தெரு முழுக்க அவளிடம் மறைத்து வளர்த்திருக்கிறது. அவள் கல்லூரியில் படித்தவள். கைப்பேசியில் உலகத்தையே புரட்டுகிறவள். ஆய்விதழை இணையத்திலும் ஏற்றுவார்கள். இண்டூர்ப் பக்கம், கிணறு, தக்காளி, அக்கா, தம்பி. இதற்குமேல் பேர் வேறு வேண்டுமா? தான் பிறக்கும் முன்பே தன் அத்தை தன்னை என்ன சொன்னாள் என்று, கல்யாணச் சேலையோடு உட்கார்ந்து படிப்பாள்.

மூன்று நாள் அக்கா கண்ணில் படாமல் கரையின் அந்தக் கோடியில் நின்று படம் எடுத்தேன். நாலாம் நாள் அவளே வந்தாள்.

"என்னா, எந் தலையப் பாத்தா ஒதுங்கிப் போற? நெத்தியில எதாச்சும் எழுதியிருக்குதா?"

சொல்லிவிட்டேன். நின்றபடியே, மூச்சு வாங்க வாங்க, ஆய்விதழ் என்பதிலிருந்து அமுக்கியது வரைக்கும். அவள் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்த வார்த்தைய எழுதினியா?"

"எழுதிட்டேன்க்கா."

"எழுதி?"

"அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"ஆசிரியருக்கு. அவரு ரெண்டு பேருக்கு அனுப்பியிருக்காரு."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"தெரியாதுக்கா. பேரு சொல்ல மாட்டாங்க. அது அவங்க முறை."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரச் சொல்லாம சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறவங்கிட்ட எம் பேச்ச எடுத்துக் குடுத்தியா நீயி?" கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்தக் கொழந்த கண்ணு மேல சொருகினப்ப நான் பட்டது ஒனக்குத் தெரியுமா? எடுத்துக் கரைச்சுட்டேன்னுதான் இத்தன நாளு தூங்கறேன்."

காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங் கால்ல வுழுந்தா அது கரையுமா? நான் போட்டத நான் எடுத்தேன். நீ போட்டத நீதான் எடுக்கணும். எங்கெங்க கெடக்குது, சொல்லு."

விரல் விட்டு எண்ணினேன். என் நோட்டு. ஜெராக்ஸ் கடைக் கணினி. ஆசிரியர். அந்த இரண்டு பேர்.

"போனப் போடு அந்த ஆளுக்கு. எனக்குக் கேக்கற மாதிரி போடு."

கரைமேல் ஏறி நின்று போட்டேன். ஆசிரியரோடு நான் அதுவரை பேசியதே இல்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "அம்மா, நல்ல கட்டுரை. பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் அச்சு."

"ஐயா, அத நிறுத்தணும். அந்தச் சாபம் இருக்கிற நாலு வரியை எடுக்கணும்."

"எடுத்தால் கட்டுரை நிற்காதே அம்மா. அந்தச் சான்றுக்காகத்தானே ஏற்றுக்கொண்டோம்? ஏன் எடுக்க வேண்டும்?"

கையாலாகாமல் உளறினேன். கரைத்த வார்த்தை, சொல்லக் கூடாது, நான் தெரிந்தே எழுதிவிட்டேன், சம்பந்தப்பட்டவரைக் கேட்கவில்லை, இப்போது அந்த வீட்டில் கல்யாணம். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

பிறகு ஆசிரியர் சொன்னார்: "அம்மா, நீங்கள் இப்போது சொன்னதை எழுதுங்கள். சொல்லக் கூடாத வார்த்தை என்பதால் அச்சிடவில்லை என்று காரணம் எழுதி, அந்த இடத்தை வெற்றிடமாக விடலாம். சான்று கேட்ட மதிப்பீட்டாளரிடம் நான் பேசிப் பார்க்கிறேன். அவர் ஒப்பவில்லையென்றால் கட்டுரையை எடுத்துவிட வேண்டியதுதான். இன்னொன்று. சம்பந்தப்பட்டவர்கள் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். முன்பே கேட்டிருக்க வேண்டும். என் மேலும் தப்பு உண்டு."

அக்கா கைப்பேசிக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து, "ஏங்க, அந்த ரெண்டு பேரையும் அழிக்கச் சொல்லுங்க" என்றாள். "யார் பேசுவது?" என்றார் ஆசிரியர். "பேரு சொல்ல மாட்டேன். அது எங்க முறை" என்றாள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

போனை வைத்ததும் சொன்னாள்: "நான் மட்டும் சரின்னா பத்தாது. சொன்னவ நான். வாங்கினவன் அவன். வா."

நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஒப்புதலை எழுதிக்கொண்டு கிளம்பினேன். தம்பியின் கோபம் ஊரறிந்தது. குழாயை அறுத்த கை. கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு போகிறோம். வேண்டாம் போ என்று சம்பந்தத்தையே அறுத்தால்? அக்கா வழியில் ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் மண் முடிந்து நடந்தபோதும் இப்படித்தான் நடந்திருப்பாள்.

அவர் வாசலில் கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்தான் நாற்காலி கொண்டுவந்து போட்டது. "வாங்க அத்தே, வாங்க சின்னத்தே" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, அங்கேயே கதவில் சாய்ந்து நின்றது. போகவே இல்லை. கல்யாணப் பேச்சு என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "இவ எதோ எழுதியிருக்கறா. பொஸ்தகத்துல வரப்போவுது. நம்ம பழைய சங்கதி."

"எது?"

"அதுதான்."

அவர் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டையை வாளியில் வைத்தார். "எதுன்னு கேட்டேன்."

"நான் ஏரிக்கு நடந்தது."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஏறிய ரத்தம் எனக்குத் தெரிந்தது. என் கால் வாசற்படியிலிருந்து தானாகவே ஓரடி பின்னால் போனது. அவர் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அது சிரித்துக்கொண்டு நின்றது. "கண்ணு, போயி டீ வெய்யி. சக்கர கம்மியா போடு, அத்தைக்கு ஆவாது" என்றார். பெண் போன பிறகும் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"முழுசும் எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்ணா. தப்பு என்னுதுதான். இப்ப எடுத்துடப் போறேன். ஊரு எடுத்துடறேன், கெணறு எடுத்துடறேன், அக்கா தம்பின்னு இல்ல, ரெண்டு வூட்டாருன்னு மட்டும் மாத்திடறேன். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்."

"அந்த வார்த்த இருந்த எடத்துல என்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுண்ணா. வெறும் வெள்ளத் தாளு."

அவர் குனிந்து வாசல் மண்ணைப் பார்த்தார். அக்கா பெருக்கிய வாசல். "இந்தப் புள்ளைக்கு ஒடம்பு சுட்டா போதும், எங் காதுல அது வுழும்" என்றார். "இன்னிக்கு வரைக்கும் வுழுவுது. குழாய அறுத்தவன் நான்தானே? எங்கியும் யாருகிட்டயும் சொன்னதில்ல." அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் என்னிடம் கையை நீட்டினார். "காயிதத்தக் குடு. எடுத்துட்டோம்னு எழுதியிருந்தா அதுக்குக் கையெழுத்துப் போடறேன். போட்டோம்னு எழுதியிருந்தா போட மாட்டேன்."

டீ வருவதற்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தகவலாளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டிய கட்டத்தில், மறைக்கப்பட்டது என்று எழுதினேன்.

மறுநாள் தர்மபுரி போய்த் திருத்தியதை அனுப்பிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்திலேயே நின்று பழைய கோப்பை அழிக்க வைத்தேன். குப்பைத்தொட்டி மாதிரி ஒரு படம் இருந்தது. அதற்குள்ளும் போய் அழித்தார். "எம் மனசுல இருந்து எப்படிங்க அழிக்கறது? அன்னிக்கே கைய எடுத்தேன் பாருங்க" என்றார். ஆசிரியர், தன்னிடம் இருந்ததை நீக்கிவிட்டதாகவும், மற்ற இருவரும் நீக்கிவிட்டதாகத் தெரிவித்திருப்பதாகவும் எழுதினார். நம்புவதைத் தவிர வழியில்லை. வெற்றிடத்துக்கு அந்த இரண்டாம் அறிஞர் ஒப்புவாரா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியாக நோட்டு இருந்தது. அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு ஏரிக்கு நடந்தேன். வழியில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஊதா மை தண்ணீரில் கலங்கி, கொஞ்ச தூரம் போய், காணாமல் போயிற்று.

கல்யாணம் நடந்தது. பந்தலில் நான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. பெண் தும்மினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் தபாலில் ஆய்விதழ் வந்தது. உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. அச்சுக்கூடத்தில் பழைய கோப்பை மாற்றிப் போட்டிருந்தால்? எத்தனை கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளை பேர் மாறி வந்து பார்த்திருக்கிறேன். பிரிக்காமலே அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் முற்றத்தில் துவரை காயவைத்துக்கொண்டிருந்தாள். "நீயே பாரு, எனக்குச் சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புரட்டினேன். என் பேர் இருந்தது. கீழே, பணித்தளப் பொறுப்பாளர் என்றும் இருந்தது. அதைப் பார்த்து மகிழக்கூட நிற்கவில்லை. ஏழாம் பக்கம். நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதன்கீழே நான் எழுதிய காரணம், சின்ன எழுத்தில்.

"இருக்குதுக்கா. வெள்ளையா இருக்குது."

அக்கா திரும்பினாள். வெள்ளை இடத்தின்மேல் துவரைத் தூசி படிந்த விரலை வைத்துப் பார்த்தாள், ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

உள்ளேயிருந்து மருமகள் வந்துவிட்டாள். "சின்னத்தே, உங்களுது வந்துட்டதா? காட்டுங்க, காட்டுங்க." பிடுங்கிக்கொண்டாள். தடுக்க முடியவில்லை. அவள் கண் வரி வரியாக இறங்கி ஏழாம் பக்கத்தில் நின்றது. சின்ன எழுத்தையும் படித்தாள். "யாரோ ரெண்டு வூட்டாரு... பாவம். இதுல என்னா இருந்தது சின்னத்தே? உங்களுக்குத் தெரியுமா?"

அந்த நாலு வரி எனக்குள் எழுத்து மாறாமல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.

"மறந்துட்டேம்மா" என்றேன். பெண்கள் மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியவரை எதிர்த்து எழுதிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு.

அக்கா அவள் கையிலிருந்து இதழை வாங்கி மூடினாள். "போதும் படிச்சது. கரண்டு வந்துட்டுது பாரு. போயி மோட்டாரப் போடு. உங்கப்பன் காட்டுக்கும் சேத்துத் தெறந்து வுட்டுட்டு வா."